ரைஃபிள் பேரல் மாற்றப் போகிறீர்களா? எந்தத் தோட்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

243 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் என்னுடைய ரைஃபிள் நன்றாகத்தான் சுட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று 200 கெஜத்தில் குண்டுகள் சிதற ஆரம்பித்தன. பேரலுக்குள் போர்ஸ்கோப் (துளைக்குள் பார்க்க உதவும் மெல்லிய கருவி) விட்டுப் பார்த்தேன். தோட்டா உட்காரும் அறையைத் தாண்டியதும், குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகள் தொடங்குகிற இடம் வறண்ட ஏரிப் படுகை மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. பேரலின் ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

எப்படியும் புது பேரல் போட வேண்டும். அதை வேறு தோட்டாவுக்குப் போட்டால் என்ன? அமெரிக்காவின் கொலராடோவில் மானுக்கும், எல்க் என்ற பெரிய மான் இனத்துக்கும் ஒரே ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்தால், நான் போன வழி இது.

படி 1: போல்ட்டை அளந்து பாருங்கள்

ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு போல்ட்டை (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் உலோகத் தண்டு) வெளியே எடுங்கள். அதன் முகத்தில் தோட்டாவின் அடிப்பாகம் உட்காரும் வட்டக் குழி இருக்கும். அதன் அளவுதான் உங்கள் எல்லை. 223 தோட்டாக் குடும்பத்துக்கு சுமார் 0.378 அங்குலம், 308 மற்றும் 30-06 குடும்பத்துக்கு 0.473, மேக்னம் எனப்படும் அதிக சக்தித் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 0.532. குழி மாறாத வரை பேரலை மட்டும் மாற்றினால் போதும். மேக்னத்துக்குத் தாவினால் போல்ட், சில சமயம் மேகஸின் (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) என்று செலவு நீளும். புதிதாக இறங்குகிறவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

படி 2: மேகஸின் நீளம்

308-இன் முழு நீளம் அதிகபட்சம் 2.81 அங்குலம், 30-06-க்கு 3.34. ஷார்ட் ஆக்‌ஷன், அதாவது குட்டையான தோட்டாக்களுக்கான இயங்குபகுதி கொண்ட ரைஃபிளில் 30-06 நுழையாது. என்னுடையது ஷார்ட் ஆக்‌ஷன், குழி 0.473. ஆக மிச்சம் நின்றவை மூன்று: 308 வின்செஸ்டர், 7மிமீ-08 ரெமிங்டன், 6.5 க்ரீட்மோர். உங்களுடையது லாங் ஆக்‌ஷனாக இருந்து, பழைய பேரல் 270 வின்செஸ்டர் என்றால், யோசிக்காமல் 30-06 போடுங்கள். போல்ட், மேகஸின் எதையும் தொட வேண்டியதில்லை.

படி 3: எதைச் சுடப் போகிறீர்கள்?

கொலராடோ விதிப்படி பெரிய விலங்குகளுக்குத் தோட்டா குறைந்தது 24 காலிபராக, அதாவது 0.24 அங்குல விட்டமாக இருக்க வேண்டும். மானுக்குக் குண்டின் எடை குறைந்தது 70 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்), எல்க்குக்கு 85. அந்த ஆண்டின் வேட்டைக் கையேட்டை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி என் 243-ஏ எல்க்குக்குச் செல்லும். ஆனால் செல்லும் என்பது வேறு, போதும் என்பது வேறு. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆண் எல்க் சற்றுத் திரும்பி நின்றால், தோள் எலும்பைத் தாண்டி உள்ளே போகும் குண்டு வேண்டும். காயத்தோடு ஓடவிட்டுத் தேடுவது விலங்குக்குச் செய்கிற கொடுமை. அதனால் 140 கிரெயினுக்குக் குறையாத குண்டு என்று எனக்கு நானே கோடு போட்டுக்கொண்டேன். மூன்று தோட்டாக்களும் அதில் தேறின.

படி 4: கடையில் கிடைக்கிறதா, தோள் தாங்குமா?

இங்கேதான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். வெறும் திறந்தவெளியில் தூரத்து இலக்குதான் என்றால் 6.5 க்ரீட்மோர் அருமை. 7மிமீ-08 உதைப்பு குறைவான, சமர்த்தான தோட்டா. உடல் மெலிந்தவர்களுக்கும் முதல்முறை துப்பாக்கி பிடிப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நான் வீட்டில் சொந்தமாகத் தோட்டா செய்துகொள்வதில்லை. மலையடிவாரச் சிற்றூரில் பெட்டியை மறந்துவிட்டு நின்றால், அங்கே இருக்கும் ஒரே கடையின் அலமாரியில் 308 இருக்க வாய்ப்பு அதிகம். 150 முதல் 180 கிரெயின் வரை குண்டும் கிடைக்கும். சிறிய துளைக்குள் நிறைய வெடிமருந்தை எரிக்கும் தோட்டா இல்லை என்பதால் பேரலும் நீண்ட நாள் உழைக்கும். 308 என்று முடிவு செய்தேன்.

படி 5: பேரலை ஆர்டர் செய்வது

சுருள் வேகத்தைச் சொல்லி வாங்குங்கள். 308-க்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5 க்ரீட்மோருக்கு 8 அங்குலத்துக்கு ஒன்று. கலிபோர்னியா மாதிரி ஈயக் குண்டுக்குத் தடை உள்ள இடத்தில் வேட்டையாடுபவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அதே எடையில் செப்புக் குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டு நிலைத்துப் பறக்க வேகமான சுருள், அதாவது குறைந்த அங்குலத்திலேயே ஒரு சுற்று முடிவது, வேண்டும். பேரலின் தடிமனும் பழையதைப் போலவே இருக்கட்டும். இல்லாவிட்டால் ரைஃபிளின் மரக்கட்டையைச் செதுக்க வேண்டி வரும்.

படி 6: பொருத்துவது

சாவேஜ் ரைஃபிள்களில் பேரலை இறுக்கிப் பிடிக்கும் பேரல் நட் இருப்பதால் பலர் வீட்டிலேயே மாற்றுகிறார்கள். ரெமிங்டன் 700 போன்றவற்றைக் துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித்திடம் கொடுப்பதே சரி. யார் செய்தாலும் ஹெட்ஸ்பேஸ் (பூட்டிய போல்ட் முகத்துக்கும், அறைக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) பார்க்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது. அதைப் பார்க்கத் தோட்டா வடிவ அளவுக்கட்டைகள் இரண்டு உண்டு: 308-இன் கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ கேஜ் 1.634. வித்தியாசம் ஒரு காகிதத்தின் தடிமன்தான். முதல் கேஜை வைத்தால் போல்ட் கைப்பிடி தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும், இரண்டாவதை வைத்தால் பாதியில் நிற்க வேண்டும். அந்த இரண்டையும் கையில் உணர்ந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் புதிய தோட்டாவின் பெயரைப் பேரலில் பொறித்துவிடுங்கள். பழைய தோட்டாக்களை வீட்டில் ஒன்று விடாமல் தேடி அப்புறப்படுத்துங்கள். 243 என்பது 308-இன் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செய்தது, அதனால் 308 அறைக்குள் தடையில்லாமல் போய் உட்காரும். சுட்டால் கூடு கிழியலாம், குண்டு துளையைத் தொடாமல் தடுமாறிப் போகும். எல்லாவற்றையும் ஒழித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். சீசனுக்கு முந்தின நாள் ஆரஞ்சு ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் கையை விட்டால், ஒரு 243 தட்டுப்பட்டது.