மின் ஸ்கூட்டர் வாங்கும் முன்: கம்பெனியின் லாபக் கணக்கு எங்கெங்கே கை வைக்கும், அதைப் பார்ப்பது எப்படி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மின் ஸ்கூட்டர் வெளியூர்ச் சரக்கு அல்ல. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் அதைச் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. வண்டி தரம் இறங்கினால் லைனில் நிற்கும் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. என்ன விலைக்கு, இந்த மாதம் எத்தனை வண்டி, எந்த பாகத்தில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அவர்களுக்கு மேலே முடிவாகிறது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது அந்த முடிவுகள் வண்டியில் எங்கே தெரிகின்றன என்பதைத்தான்.

நெருக்கடி எங்கிருந்து வந்தது என்று முதலில் பாருங்கள். 2023 மே வரை மின் வண்டிக்கான மத்திய அரசின் ஃபேம்-2 மானியத் திட்டத்தில் ஒரு கிலோவாட் ஹவர் (1000 வாட் ஹவர், அதாவது ஒரு யூனிட் மின்சாரம்) பேட்டரிக்கு 15,000 ரூபாய் மானியம் கிடைத்தது, வண்டி விலையில் 40 சதவீதம் வரை. ஜூன் 1 முதல் அது 10,000 ரூபாய், 15 சதவீதம் என்று இறங்கியது. 2024 அக்டோபரில் தொடங்கிய, அடுத்த மானியத் திட்டமான பி.எம். இ-டிரைவில் 5,000; 2025 ஏப்ரலில் அது 2,500 ஆனது. பேட்டரி செல் விலை குறைந்ததில், இழந்த மானியத்தில் ஒரு பங்கு ஈடானது. மீதியை விலையில் ஏற்றலாம், வண்டியில் குறைக்கலாம், அல்லது விற்ற பிறகு வாங்கியவரிடமே வசூலிக்கலாம். விலை ஏறினால் விற்பனை எண்ணிக்கை விழும். எத்தனை வண்டி பதிவானது என்பது அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் எல்லோர் கண்ணிலும் படும். முதலீட்டாளரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் மற்ற இரண்டு வழிகள்தான் கம்பெனிக்குச் சுலபம்.

பில்லிலிருந்து தொடங்குங்கள். ஆன்-ரோடு விலையை வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: வண்டி, சார்ஜர், பதிவு, இன்சூரன்ஸ், ஆப் பேக் (ஆப் வழி வசதிகளுக்கான சந்தா), கூடுதல் வாரண்டி. சில கம்பெனிகள் சார்ஜருக்குத் தனி பில் போட்டு, வண்டி விலையை மானிய வரம்பான ஒன்றரை லட்சத்துக்குள் காட்டின. 2023-ல் அந்தச் சார்ஜர் பணத்தை வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. நீங்கள் கேட்காத பேக் பில்லில் ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். 2023 நவம்பர் 30-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கிறது. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் சந்தாவில் சிக்கவைப்பதும் அதில் அடக்கம்.

அடுத்தது டெஸ்ட் டிரைவ். உங்கள் போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு வண்டியைத் திறந்து, ஓட்டி, பூட்டிப் பாருங்கள். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கமோ பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் காட்டு ரோட்டிலோ போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் ஆப் கேட்டு அடம்பிடிக்கும் வண்டி வேண்டாம். பிறகு இதைக் கேளுங்கள்: ஆப் பேக்கின் இலவசக் காலம் முடிந்ததும் எவையெல்லாம் நிற்கும்? வழிகாட்டும் மேப் நின்றால் சமாளிக்கலாம். ரைடிங் மோடு, ஹில் ஹோல்டு (ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பது), வேகமான சார்ஜிங், திருட்டு எச்சரிக்கை நின்றால் நீங்கள் விலை கொடுத்த பாகத்துக்கே இரண்டாவது முறை பணம் கட்டுகிறீர்கள். பதிலை விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதித் தரட்டும்.

உதிரி பாகத்தில்தான் லாப நெருக்கடி அதிகம் கடிக்கும். கிடங்கில் இருக்கும் கண்ட்ரோலரும் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டி) டிஸ்ப்ளேயும் கணக்கில் முடங்கிய பணம். அதே கண்ட்ரோலரைப் புது வண்டியில் மாட்டினால் இந்த மாத விற்பனையில் ஏறும். பற்றாக்குறை வரும்போது எது முந்தும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே ஷோரூமை நம்பாமல் சர்வீஸ் சென்டருக்குக் காலை பத்து மணி வாக்கில் போங்கள். வெளியே நிற்கும் வண்டிகளை எண்ணுங்கள். தூசி படிந்து நிற்பவை எத்தனை? காத்திருக்கும் ஓனர் இரண்டு பேரிடம் ஜாப் கார்டு (வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் சீட்டு) தேதியையும் எந்தப் பாகத்துக்குக் காத்திருக்கிறார் என்பதையும் கேளுங்கள். பிரேக் பேட், பெல்ட், சைடு ஸ்டாண்டு சென்சார், டிஸ்ப்ளே, கண்ட்ரோலர் ஐந்தின் விலையும் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். விலையே சொல்லத் தெரியவில்லை என்றால் பாகம் அங்கே வருவதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலிருந்து சென்டர் 40 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால், வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விளம்பரத்தில் சொல்லும் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை, ஒதுக்கிவிட்டு நீங்களே கணக்குப் போடுங்கள். பொருத்திய பேட்டரி அளவு வேறு, ஓட்டக் கிடைக்கும் அளவு வேறு, இரண்டாவதைக் கேளுங்கள். ஊருக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 வாட் ஹவர், நெடுஞ்சாலையில் 60 வேகத்தில் 40 வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். 3 கிலோவாட் ஹவர் கிடைத்தால், 3000-ஐ 40-ஆல் வகுக்க 75. போய்ச் சேரலாம், வழியில் சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. தொப்பூர் கணவாய் மாதிரி ஏற்றம் இருந்தால் இன்னும் குறையும்.

வாங்கிய முதல் மாதத்திலேயே ஒரு அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாஃப்ட்வேர் அப்டேட்டில் ரேஞ்ச் குறைந்தால் அதுதான் உங்கள் சாட்சி. 16 ஆம்பியர் தாங்கும் பிளக் எனர்ஜி மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கும் வரை வண்டியை ஓட்டி, 100 வரை சார்ஜ் ஏற்றி, சுவரிலிருந்து எத்தனை யூனிட் போனது என்று எழுதுங்கள். 3 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 2.6 முதல் 2.8 யூனிட் போகும். கூடவே சாஃப்ட்வேர் பதிப்பு எண், ஓடிய கிலோமீட்டர், தேதி மூன்றும் தெரிய டிஸ்ப்ளேயைப் படம் எடுங்கள். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் இதையே திரும்பச் செய்யுங்கள். யூனிட் 2.2-க்கு இறங்கினால் பேட்டரி தேய்ந்திருக்கிறது, அல்லது அப்டேட் ஒரு பகுதியைப் பூட்டியிருக்கிறது. யூனிட் மாறாமல் கிலோமீட்டர் மட்டும் குறைந்தால் டயர் காற்றையும் பிரேக் உரசலையும் முதலில் பாருங்கள். அப்டேட் வந்த அன்றே போடாமல் பத்து நாள் பொறுத்து, மற்ற ஓனர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துப் போடுவது நல்லது. பிரேக், பேட்டரிப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

'8 வருட பேட்டரி வாரண்டி' என்றால், பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றுவார்கள் என்ற எண் அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் 70 என்று இருக்கும். எண்ணே இல்லாவிட்டால் எதைச் சொல்லியும் தட்டிக் கழிக்கலாம்.

தகராறு வந்தால் வாய்ச் சொல்லில் விடாதீர்கள். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதவைத்து நகல் வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் தமிழிலேயே புகார் பதியலாம். நகராவிட்டால் நுகர்வோர் ஆணையம். கம்பெனித் தலைமை பெங்களூரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தர்மபுரிக்காரர் தர்மபுரியில், கிருஷ்ணகிரிக்காரர் கிருஷ்ணகிரியில். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், ஜாப் கார்டு நகல்கள், வாட்ஸ்அப் பதில், மீட்டர் அளவுப் படங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி இணையுங்கள்.