மலத்தில் ரத்தம்: மூலம் என்று முடிவு கட்டுவதற்கு முன்

மலத்தில் ரத்தம் கண்டதும் பலர் மருந்துக்கடைக்குத்தான் போகிறார்கள். மூலத்துக்குக் களிம்பு, மாத்திரை, பிறகு நாட்டு மருந்து என்று மாதங்கள் ஓடிவிடும். ஆனால் அந்த ரத்தம் பெருங்குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அந்த நோய் முற்றுவதில் கட்டியின் குணத்துக்கு மட்டுமல்ல, கூச்சத்தாலும் செலவுக்குப் பயந்தும் கழியும் இந்த மாதங்களுக்கும் பங்கு உண்டு.

டாக்டரிடம் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள்: ரத்தம் எப்போதிலிருந்து, மலத்தோடு கலந்து வருகிறதா, மலம் போகும் வழக்கம் மாறி எத்தனை வாரம், எடை எவ்வளவு குறைந்தது, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் புற்றுநோய் வந்தது. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்காமல் மூலம் என்று சொன்னால் அதோடு நிற்காதீர்கள். மூலம் இருப்பவருக்கும் புற்றுநோய் வரலாம்.

வலப்பக்கக் குடலில் கட்டி இருந்தால் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். சோர்வும் ரத்தசோகையும்தான் தெரியும். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், மாத்திரையில் ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது கொலனோஸ்கோபி. அதற்குக் குடலைச் சுத்தம் செய்யும் பேதி மருந்தை இரண்டு தவணையாகக் குடிப்பது நல்லது: பாதி முந்தின இரவு, மீதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன். தக்காளி, கொய்யா, கீரையை முன்பே நிறுத்துங்கள். கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராகப் போக வேண்டும். கலங்கலாக இருந்தால் தட்டையான சிறு கட்டிகள் கண்ணில் படாமல் போகும். சர்க்கரைக்கோ ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் ரிப்போர்ட்டில் முதலில் நிணநீர் முடிச்சுகளின் (குடலை ஒட்டியுள்ள, புற்றுநோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். குறைந்தது 12 பரிசோதித்திருக்க வேண்டும். நான்கைந்தே பார்த்துவிட்டு "பரவவில்லை" என்றால் அதை முழுதாக நம்ப முடியாது. (கதிர்வீச்சுக்குப் பின் எடுத்த மலக்குடலில் எண்ணிக்கை குறைவது உண்டு.) எம்.எம்.ஆர். பரிசோதனை (செல்லின் டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் புரதங்கள் கட்டியில் உள்ளனவா என்று பார்ப்பது) செய்தார்களா என்றும் கேளுங்கள். அந்தப் புரதங்கள் குறைந்திருந்தால் இரண்டாம் ஸ்டேஜில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு, 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்து மட்டும் பெரிதாக உதவாது. பரம்பரைக் காரணமா என்றும் பார்க்க வேண்டும்.

கீமோ தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை முடிந்து 8 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். தள்ளிப்போகப் போகப் பலன் குறையும். காப்பீட்டு அட்டை, தங்குமிடம், கூலி போகும் நாட்களுக்கு வழி, கூட வருபவர் எல்லாவற்றையும் அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசி முடியுங்கள்.

மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க நேரும் என்றதும் சிகிச்சையே வேண்டாம் என்பவர்கள் உண்டு. பை வரும் இடத்தை முன்பே குறிக்கச் சொல்லுங்கள்: நிற்கவும் உட்காரவும் வைத்து, சேலையோ வேட்டியோ கட்டும் இடத்தில் படாமல், நோயாளி குனிந்தால் தன் கண்ணால் பார்க்கும்படி. இடம் தவறினால் பை ஒழுகும், தோல் புண்ணாகும், ஆள் வெளியே போகவே தயங்குவார்.

நோயாளியின் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில், அல்லது நோயாளிக்குக் கண்டுபிடித்த வயதுக்கு 10 ஆண்டு முன்பாக, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.