தேக்குப் பலகையில் ஒட்டு விட்டபோது

பழைய வீட்டுக் கதவு நிலையை அறுத்துச் செய்த மேசைப் பலகை, துண்டுகளைப் பசை போட்டுச் சேர்த்த ஒட்டில் வாய் பிளந்துவிட்டது. மரம் அசல் தேக்குதான்: இழைத்ததும் தோல் வாசனை, குறுக்குவெட்டில் வளையம் வளையமாகப் பெரிய துளைகள், விரலில் மெழுகுப் பிசுபிசுப்பு. அந்த எண்ணெய்ப்பசைதான் ஒட்டைப் பிடிக்கவிடவில்லை.

பழைய பசையைச் சுரண்டிவிட்டு விளிம்பை மறுபடி இழைத்தேன். தேக்கில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே கடினமான பொருள், உண்டு. இழைப்புளி சீக்கிரம் மழுங்கும், நடுவில் சாணை பிடிக்காமல் முடியாது. பிறகு எண்ணெயைக் கரைக்கும் அசிட்டோன் திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியால், கறை ஏறுவது குறையும்வரை துடைத்தேன். காய்ந்த கையோடு எபாக்ஸி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் பசை) தடவி, கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு இரவு முழுக்க விட்டேன். துடைத்துவிட்டு ஒட்டுவதை மறுநாளைக்குத் தள்ளினால் உள்ளிருக்கும் எண்ணெய் மேலே கசிந்துவிடும். எபாக்ஸி விலை கூடுதல்தான். தேக்கு விற்கிற விலைக்கு அது காசே இல்லை. கிளாம்பை ரொம்ப முறுக்காதீர்கள், பசையெல்லாம் பிதுங்கி வெளியே போய்விடும்.