அண்டி ஆபீஸ் பெண்களைச் சேர்ப்பது எப்படி?

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, வேலைக்குப் போனவள். இப்போது ஆபீஸில் உடைக்கிறவர்களையும், வீட்டில் பருப்புக்குத் தோல் எடுக்கிறவர்களையும், வீட்டு வேலைக்குப் போகிறவர்களையும் ஒன்றாக உட்கார வைக்கிறேன். உங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைத்தால், சங்கம், உரிமை என்று முதல் நாளே பேசாதீர்கள். "கையைக் காட்டுங்க மைனி" என்று ஆரம்பியுங்கள்.

முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டு விரல் வெந்திருக்கும். முதுகு வலி, முட்டு வலி, கழிவறை சரியில்லாததால் சிறுநீரை அடக்கி வரும் எரிச்சல் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். கையுறை போடச் சொன்னால், கிலோ கணக்கில் கூலி, வேகம் குறையும் என்பார்கள். அது நியாயமான பதில். கையுறை பற்றி முதலாளியிடம்தான் பேச வேண்டும், அதற்குப் பத்துப் பேராவது சேர்ந்து போக வேண்டும். கூட்டம் ஏன் தேவை என்பது அங்கேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடுங்கள். கோவில் மண்டபமும் வேண்டாம், சர்ச் ஹாலும் வேண்டாம்; ஒரு பகுதியினர் தயங்குவார்கள். யார் வீட்டுத் திண்ணையாவது போதும்.

அப்புறம், ஆளுக்கொரு நோட்டு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். வேலைக்குப் போன தேதி, எத்தனை கிலோ, கிடைத்த கூலி என்று தினமும் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்ற ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆலை இடையில் மூடினால் நாள் குறையும். எங்கள் கூட்டத்து மைனி ஒருத்திக்குக் கருப்பை ஆபரேஷன் நேரத்தில் நாள் போதாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் போன நாளும் பதிவில் இருந்த நாளும் பொருந்தவில்லை, காட்டுவதற்கு அவள் கையில் துண்டுச் சீட்டுகூட இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டையும் இஎஸ்ஐ பதிவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீட்டில் தோல் எடுப்பவர்களுக்கு இஎஸ்ஐ கிடையாது. அவர்களை அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசுப் பதிவான இ-ஷ்ரமில் பதியுங்கள். வயது 16 முதல் 59 வரை. இஎஸ்ஐ, பிஎஃப் உள்ளவர்களுக்கு அது இல்லை. வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. மற்றவர்கள் எந்த வாரியத்தில் வருவார்கள் என்று நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். 60 வயதில் ஓய்வூதியம் கேட்கும்போது வாரியப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டிய தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதுங்கள்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு, குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றிதழ் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோன பிறகு இதற்கு அலையாதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே முடியுங்கள். சர்க்கரை, பிரஷருக்கு, வீடு தேடி வரும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரைக் கூட்டம் நடக்கும் நாளில் வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கூச்சப்பட்டு யாரும் பேசாத விஷயத்தை நீங்களே எடுங்கள். வேலை இடத்தில் பாலியல் தொல்லை என்றால், அது பத்துப் பேருக்குக் குறைவான இடமாகவோ ஒரு வீடாகவோ இருந்தால், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுதலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. புகார் கொடுக்கப் போகிறவளைத் தனியாக அனுப்பாதீர்கள். கூட போகிறவளின் அன்றைய கூலியை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுங்கள்.