வெள்ளி பேஸ்ட்டால் சிப்பைப் பிணைப்பது எப்படி?

சிப்பை ஒட்டப் பயன்படும் உலோகப் பற்றான சாலிடர், ஈயமில்லாத சாதாரண வகையென்றால், 217 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். சிலிக்கான் கார்பைடு சிப்போ 200 டிகிரியைத் தாண்டியும் அசராமல் வேலை செய்யும். சிப் தாங்கும் சூட்டை அதன் அடியில் இருக்கும் பிணைப்பு தாங்காவிட்டால் என்ன பயன்? அதற்குத்தான் வெள்ளி. அதன் உருகுநிலை 961 டிகிரி. ஆனால் நுண்துகளாக இருந்தால் 250 டிகிரியிலேயே, உருகாமல், அணுக்கள் நகர்ந்து துகளோடு துகள் இணைந்துவிடும். இதுதான் சின்டரிங். அந்தத் துகள்களைக் கரைப்பானில் குழைத்ததுதான் வெள்ளி பேஸ்ட்.

அழுத்தம் கொடுத்துச் செய்யும் முறையை இங்கே சொல்கிறேன். அழுத்தமில்லாத பேஸ்ட்டுக்குப் படிகள் வேறு.

முதலில் பரப்பு. சிப்பின் அடிப்புறத்திலும் அது உட்காரும் அடித்தட்டிலும் வெள்ளி அல்லது தங்கப் பூச்சு இருந்தால் ஆரம்பிப்பவர்களுக்கு நல்லது. வெறும் செம்பு காற்றில் சூடானால் ஆக்சைடு படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு விரல் படக்கூடாது.

குளிரில் வைத்த பேஸ்ட்டை மூடியைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இல்லையென்றால் ஈரம் கோத்துக்கொள்ளும். மெதுவாகக் கிளறி, ஸ்டென்சில் (துளையிட்ட மெல்லிய தகடு) வழியாக 100 மைக்ரான் அளவுக்குப் பூசுங்கள்.

அடுத்தது உலர்த்தல். பலரும் அவசரப்படும் இடம் இதுதான். 120 டிகிரி அளவில் 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். சரியான அளவு பேஸ்ட்டின் தரவுத்தாளில் இருக்கும். கரைப்பான் மிச்சமிருந்தால், சிப்பை வைத்துச் சூடேற்றும்போது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் அடியில் குழிகளாக நின்றுவிடும். அந்த இடங்களில் வெப்பம் இறங்காது. புகைபோக்கிக்கு அடியில் செய்யுங்கள், கையுறை கட்டாயம்.

காய்ந்த படலத்தின் மேல் சிப்பை வையுங்கள். அதன்மேல் டெஃப்லான் தாள் ஒன்று. அழுத்தம் சமமாகப் பரவும், சிப் விரிசல் விடாது. 250 டிகிரியில், 10 மெகாபாஸ்கல் அழுத்தத்தில், மூன்று நிமிடம். பயப்பட வேண்டாம்: 5 மில்லிமீட்டர் சதுர சிப்புக்கு இது 25 கிலோ எடைதான்.

அப்புறம் மெதுவாக ஆறவிடுங்கள். முதல் மாதிரியைப் பக்கவாட்டில் தள்ளி உடைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெள்ளி ஒட்டியிருந்தால் பிணைப்பு நன்றாக வந்திருக்கிறது. ஒரு பக்கம் மொழுமொழுவென்று சுத்தமாகக் கழன்று வந்தால், அந்தப் பரப்பைச் சுத்தம் செய்வதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.