“300 பிரதிதான்” என்றதும் பணத்தை நீட்டாதீர்கள்: புது வினைல் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வாங்கிய முதல் அண்டர்கிரவுண்ட் வினைல் இசைத்தட்டு (பெரிய நிறுவனங்களுக்கு வெளியே சிறிய அளவில் வருவது) பெர்லினிலிருந்து மூன்று வாரம் பயணம் செய்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 12 அங்குலத் தட்டு. லேபிளில் கலைஞர் பெயரும் இல்லை, பாட்டின் தலைப்பும் இல்லை. ரப்பர் முத்திரையில் ஓர் எண், அவ்வளவுதான். போட்டேன். சேற்றில் கால் வைத்து நடப்பதுபோல ஒரு தாளம், ஆழமான பேஸ். ‘ஆகா, இதுதானா அண்டர்கிரவுண்ட்’ என்று இரண்டு வாரம் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். அம்மா மட்டும், “என்னடா, எழவு வீட்டு மேளம் மாதிரி இருக்கு” என்றார். அப்புறம் பங்சாரில் டிஜே வாசிக்கும் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். ஐந்து விநாடிதான் கேட்டான். “அண்ணே, இது 45. நீங்க 33ல ஓட்டுறீங்க.”

நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்துக்குப் பித்தானை மாற்றினான். அது வேறு பாட்டாக இருந்தது. நிமிடத்துக்கு 126 அடி விழவேண்டிய தாளத்தை நான் 93 அடியாக இழுத்துக் கேட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேகத்தைத் தப்பாகப் போட்டதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. வாங்குவதற்கு முன் அந்தப் பாட்டை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். விற்பனைப் பக்கத்தில் “300 பிரதி மட்டும், மறுபதிப்பு இல்லை” என்று போட்டிருந்தது. கை தானாகப் போய்விட்டது. இதற்குப் பிறகு நான் செய்த தவறுகளும், சுற்றியிருப்பவர்கள் செய்யக் கண்ட தவறுகளும் பெரும்பாலும் இந்த அவசரத்தின் பிள்ளைகள்தான்.

முதலில் வேகத்தை முடித்துவிடலாம். ஜாஸ் எல்பி (முழு ஆல்பம் அடங்கிய தட்டு) பெரும்பாலும் 33⅓ சுற்றில் ஓடும். நடனத்துக்காக வரும் 12 அங்குலத் தட்டு 45 ஆகவும் இருக்கலாம், 33 ஆகவும் இருக்கலாம். ஒரு பக்கம் 45, மறுபக்கம் 33 என்றும் வரும். லேபிளில் எழுதாமல் விடுவது சகஜம். குரல் இருந்தால் காது காட்டிக்கொடுத்துவிடும். குரல் இல்லாத டெக்னோ என்ற மின்னணு நடன இசையில் ஏமாறுவது சுலபம். இணையத்தில் இருக்கும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உறையின் மூலையில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

12 அங்குலம் என்ற வடிவம் வந்த கதையும் இங்கே உதவும். 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்ற ரீமிக்ஸ் கலைஞர் ஒரு பாட்டைத் தட்டில் வெட்ட (பள்ளமாகப் பதிக்க) கொடுத்தபோது, 7 அங்குல வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிருந்தது. 10 அங்குலத்தில் வெட்டினார்கள். இத்தனை பெரிய தட்டில் பாட்டு ஓரமாக ஒரு சின்ன வளையமாக இருப்பதைப் பார்த்து, பள்ளங்களை விரித்து சத்தத்தைக் கூட்டச் சொன்னார் அவர். பேஸ் எழுந்து நின்றது. கொஞ்ச காலத்தில் டிஜேக்களுக்கு 12 அங்குலமே வழக்கமாகிவிட்டது. பள்ளம் அகலமாக இருந்தால் பேஸுக்கு இடம் கிடைக்கும். சுற்று வேகமாக இருந்தால் மேல் சுரங்கள் தெளியும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு வைத்து 60, 70 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்கிறார்கள். “ஒரு பாட்டுக்கு இவ்வளவா” என்று கேட்டுக்கொண்டு, பக்கத்துக்கு நாலு பாட்டு அடைத்த தொகுப்பை வாங்குகிறவர்கள் உண்டு. வீட்டில் கேட்க அது போதும். பார்ட்டியில் ஓட்ட வாங்கினால் சத்தம் சோப்ளாங்கியாக இருக்கும்.

இதே கணக்கு ஜாஸுக்கும் உண்டு. 33⅓ சுற்றில் ஊசி வெளி ஓரத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்டிமீட்டர் பள்ளத்தைக் கடக்கும். லேபிளுக்கு அருகில் போகும்போது அது சுமார் 21 ஆகிவிடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுதியாக வேண்டும். சிம்பல் கரகரப்பதும் சாக்ஸபோன் பிசிறடிப்பதும் பக்கத்தின் கடைசிப் பாட்டில்தான். ஒரு பக்கம் 20 நிமிடத்துக்குள் இருந்தால் நிம்மதி. 25ஐத் தாண்டினால் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள். பாட்டு நீளங்கள் எல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கின்றன. வாங்குமுன் கூட்டிப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.

சரி, அந்த 300 பிரதிக்கு வருவோம். அது பொய் என்று சொல்லவில்லை. சின்ன லேபிள்கள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்கள்) உண்மையிலேயே 300, 500 என்றுதான் அச்சடிக்கின்றன, ஏனென்றால் அதற்குமேல் பணத்தை முடக்க அவர்களால் முடியாது. ஆனால் நன்றாக விற்றது பலசமயம் மறுபதிப்பாக வரும், அட்டையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். ‘கிடைக்காமல் போய்விடுமோ’ என்ற பயத்தில் வாங்கிய தட்டுகளில் பாதியை நான் மூன்று முறைக்குமேல் போட்டதில்லை. இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எல்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போகும்போது ஒரு வெளியீட்டை மூன்று நாள் கேட்பேன். நான்காம் நாள் அது தானாக நினைவுக்கு வந்தால் வாங்குவேன். இதற்குள் தீர்ந்துவிட்டால் விட்டுவிடுவேன். மனம் அடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

முன்பதிவில் இன்னொரு சிக்கல். பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் முன்பதிவு செய்தால் பணம் அன்றே போய்விடும். டிஜிட்டல் பிரதி பெரும்பாலும் வெளியீட்டு நாளில் கிடைத்துவிடும், தட்டோ மாதக்கணக்கில் வராது. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனால் லேபிளுக்குக் கோபமாக எழுதுகிறவர்கள், தட்டு எப்படி உருவாகிறது என்று ஒருமுறை யோசிக்கலாம். இசையை முதலில் மென்மையான, வார்னிஷ் போன்ற பூச்சு கொண்ட லாக்கர் தகட்டில் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அப்புறம்தான் தட்டை அழுத்துவார்கள். உலகத்தில் லாக்கர் தகடு செய்துவந்த இரண்டு பெரிய ஆலைகளில் ஒன்று, கலிபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ், 2020 பிப்ரவரியில் எரிந்து சாம்பலானது. மிஞ்சியது ஜப்பானில் இருக்கும் எம்டிசி. செம்பில் நேரடியாக வெட்டும் முறையும் இருக்கிறது, ஆனால் அந்த இயந்திரங்கள் அதிகமில்லை. இந்தச் சின்னச் சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் பெட்டாலிங் ஜெயாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் தாமதம்தான்.

அஞ்சல் செலவு தனிப் பாடம். அந்த முதல் தட்டின் விலை 65 வெள்ளி, அனுப்பும் கூலி 90க்கு மேல். ஒரு தட்டுக்கும் மூன்று தட்டுக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே ஒத்த ரசனையுள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே கடையில் வாங்குவதுதான் புத்தி. வரியையும் கணக்கில் வையுங்கள். 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கு, பதிவுபெற்ற இணைய விற்பனையாளர்கள் 10 விழுக்காடு விற்பனை வரி பிடிக்கிறார்கள். கூட்டாக வாங்கும் ஆர்வத்தில் பெட்டி 500ஐத் தாண்டினால் சுங்கத்துறை வழியாக வரும் கணக்கு வேறு. அனுப்பச் சொல்லும்போது, தட்டை அட்டை உறைக்கு வெளியே எடுத்து வைக்கும்படி ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் விமானத்திலும் லாரியிலும் குலுங்கும் தட்டு உறையின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வரும். இதற்குத் தனிக்காசு கேட்கமாட்டார்கள்.

ஜாஸ் மறுபதிப்பில் பலரும் ஏமாறும் இடம் ‘180 கிராம்’ என்ற ஸ்டிக்கர். எடை கூடினால் தட்டு கையில் கெத்தாக இருக்கும். ஒலியைத் தீர்மானிப்பது எந்த மூலத்திலிருந்து, யார் வெட்டினார் என்பதுதான். ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பிற்பாடு அந்தக் காலத்தை 50 ஆண்டிலிருந்து 70 ஆக்கியபோதும், முடிந்துபோனதை உயிர்ப்பிக்கவில்லை. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் 1950களின் ஜாஸை அச்சடிக்கலாம். மூல டேப் இல்லாமல், ஒரு சிடியை எடுத்து 180 கிராம் தட்டில் அழுத்திவிடுகிறார்கள். சட்டப்படி குற்றமில்லை, விலையும் குறைவு. ஆனால் சிடியின் ஒலியைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனம் 2019இல் தொடங்கிய டோன் பொயட் வரிசையில், மூல டேப்பிலிருந்து கெவின் கிரே என்ற ஒலிப் பொறியாளர் வெட்டினார் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அப்படி யார் பெயரும் இல்லாத மறுபதிப்பைக் கண்டால் நான் கொஞ்சம் பின்வாங்குவேன்.

இனி தட்டை ஓட்டும் டர்ன்டேபிள். நம் ஊரில் ஜப்பானியப் பழைய பொருள் கடைகள் பெருகியதிலிருந்து இந்தத் தவறும் பெருகிவிட்டது. எனக்கும் நடந்தது. ஒரு கடையில் மரப்பெட்டி போட்ட அழகான பெல்ட் டிரைவ் (மோட்டார் ரப்பர் பட்டையால் தட்டைச் சுற்றும் வகை), 180 வெள்ளி. “ஓடும் பாஸ், சோதிச்சாச்சு” என்றார் கடைக்காரர். ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230-240 என்பது எனக்குத் தெரியும். புத்திசாலித்தனமாக ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கினேன். செருகினேன், சுற்றியது. ஆனால் எந்தத் தட்டைப் போட்டாலும் தூக்கக் கலக்கத்தில் பாடியது. மறுபடியும் அதே எழவு வீட்டு மேளம்!

விஷயம் இதுதான். ஜப்பானின் கிழக்கில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. பழைய பெல்ட் டிரைவ்களில் பலவற்றின் மோட்டார் அந்த ஹெர்ட்ஸுக்குத் தக்க வேகத்தில்தான் சுற்றும். என்னுடையது 60 ஹெர்ட்ஸுக்கான கப்பி (பட்டை ஓடும் சின்னச் சக்கரம்) மாட்டியது. இங்கே 50. ஆகவே 33⅓ சுற்றவேண்டியது 28 சுற்றுக்கும் குறைவாகச் சுற்றியது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸைத் தொடாது. 50 ஹெர்ட்ஸ் கப்பியைத் தேடி அலைந்ததில் இன்னொரு 120 வெள்ளி போனது. மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுற்றும், குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டைரக்ட் டிரைவ் என்றால் இந்தத் தலைவலி இல்லை, வோல்ட்டை மட்டும் சரிசெய்தால் போதும். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் எதையும் மின்சாரத்தில் செருகாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் செருகிய ஒரு நண்பரின் வீட்டில் இன்னும் அந்த வாடை போகவில்லை.

சூட்கேஸ் வடிவப் பிளேயரில் நடனத் தட்டைப் போட்டால் ஊசி துள்ளும். உடனே நம் ஆட்கள் ஒரு 20 சென் நாணயத்தை ஊசித்தலையின் மேல் ஒட்டுவார்கள். அந்த நாணயம் மட்டுமே சுமார் 4 கிராம். வீட்டில் கேட்கும் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பகுதி) உரிய அழுத்தம் 2 கிராம் பக்கம். டிஜே கார்ட்ரிட்ஜுக்கு 3, 4 கிராம் வரை போகும். நாணயம் வைத்தால் துள்ளல் நிற்கும், கூடவே பள்ளமும் தேயும். துள்ளுவதற்குக் காரணம் தட்டு சத்தமாக வெட்டப்பட்டது, பிளேயரின் கை அதைப் பின்தொடரமுடியாதது. பிளேயரை மாற்றுங்கள். அப்புறம், ஒலி கொசு பாடுவதுபோல மெலிந்து கேட்டால் தட்டைத் திட்டவேண்டாம், ஃபோனோ ஆம்ப் இல்லாமல் இணைத்திருக்கிறீர்கள். வெட்டும்போதே பேஸைக் குறைத்து, மேல் சுரங்களைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அதைத் திருப்பிச் சமன்செய்வது ஃபோனோ ஆம்ப்.

நம் ஊர் வெயிலும் ஈரமும் எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் சரியாக எழுதப்படவில்லை. சாப்பிடப் போன நேரத்தில் காரின் பின்சீட்டில் விட்ட தட்டு, ஒரு தே தாரேக் (இழுத்த தேநீர்) முடிவதற்குள் அப்பளமாக வளைந்த கதை எனக்குத் தெரிந்த மூன்று பேரிடம் இருக்கிறது. கண்ணாடிபோலப் பளபளக்கும் பிவிசி மேலுறையைத் தவிருங்கள். சூட்டில் அதன் ரசாயனம் கசிந்து தட்டின்மேல் புகைபோல் படியும், அப்புறம் இரைச்சல்தான். பாலிப்ரொப்பிலீன் உறை போதும். புதுத் தட்டைச் சுற்றியிருக்கும் இறுக்கமான பிளாஸ்டிக்கையும் கழற்றிவிடுங்கள், அது சுருங்கித் தட்டை வளைக்கும். சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் பூஞ்சை அங்கிருந்துதான் ஏறும்.

பழைய தட்டு வாங்குவோர் டிஸ்காக்ஸ் என்ற தட்டு விற்பனைத் தளத்தில் ‘வெரி குட்’ என்ற தரத்தைப் பார்த்து ‘ரொம்ப நல்லது’ என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். அந்த அளவுகோலில் அது மெதுவான இடங்களில் பொரியும் சத்தம் கேட்கும் தட்டு. குதிக்கும் ஹவுஸ் நடனப் பாட்டில் அது மறைந்துபோகும், டபுள் பேஸ் தனியாக வாசிக்கும் இடத்தில் மறையாது. ‘வெரி குட் பிளஸ்’ என்று இருந்தால் மட்டும் ஜாஸுக்கு வாங்குங்கள்.

நேரில் வாங்குவதென்றால் தாமான் ஜெயா எல்ஆர்டிக்குப் பக்கத்தில் அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தை இருக்கிறது. பினாங்கில் காலையில் லோரோங் கூலிட். அங்கே குவியலில் 78 சுற்றுத் தட்டு கிடைத்தால், பூஞ்சையைத் துடைக்க ஆல்கஹாலைத் தொடவே தொடாதீர்கள். அந்தக் காலத் தட்டு அரக்கில் செய்தது, கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மெத்தென்ற துணியும் போதும். வினைல் என்றால் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, தட்டை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். குறுக்கே ஓடும் கீறலை நகத்தால் தொட்டுப் பாருங்கள். நகம் தடுக்கினால் ஊசியும் தடுக்கும். விலை பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்.