குடும்பப் படம்: நிற்கும் இடத்தை அவர்களே தீர்மானிக்கட்டும்

ஒரே வீட்டில் கூடி வாழும் நண்பர்களையோ, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இணையரையோ, தனியொருவராகப் பிள்ளை வளர்ப்பவரையோ படம் எடுக்கும்போது, வழக்கமான குடும்பப் பட வரிசையை அவர்கள் மீது திணிக்காமல், கேமராவை முக்காலியில் பொருத்திவிட்டு, யார் யாருக்கு அருகில் நிற்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஒருவர் தோளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் கையும், இருவருக்கிடையே விழும் ஒரு சாண் இடைவெளியும் உறவைச் சொல்லிவிடும். அவற்றைச் சரிசெய்யச் சொல்வது வீண் வேலை. அவர்கள் வாழும் அறையும் படத்தில் வர வேண்டும் என்பதால், ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவில், குறுகிய பரப்பைக் காட்டும் 85 மி.மீ. லென்ஸைவிட அகன்ற பரப்பைக் காட்டும் 35 மி.மீ. லென்ஸே பொருந்தும், ஆனால் ஓரத்தில் இருப்பவரின் முகம் இழுபட்டுத் தெரியக்கூடும் என்பதால், சற்றுப் பின்னால் சென்று விளிம்புகளில் இடம் விடுங்கள். முன்னும் பின்னுமாக நிற்பவர்கள் தெளிவாகத் தெரிய, அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப்/5.6 அல்லது எஃப்/8 அளவில் வைத்துக்கொள்ளலாம்.